கல்வெட்டில் இல்லாத கடல்

“தனக்கென வாழாது உடன்பிறந்தோருக்காகவே உருகிய மெழுகுவர்த்தி. அதிர்ந்து ஒரு சொல் பேசி அறியாதவர். வேலை, வீடு, கோயில் இவை தவிர வேறெதையும் நாடாதவர்.” அக்காவின் நினைவு மலர், மூன்றாம் பக்கம், இரண்டாம் பத்தி. அதே புத்தகத்தின் உள்ளட்டையில் ‘தொகுப்பு’ என்ற சொல்லுக்குக் கீழே என் பெயர் அச்சாகியிருக்கிறது. இந்த மூன்று வாக்கியங்களில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. மூன்றும் பொய்.

அக்கா என் பெரியம்மாவின் மூத்த மகள். எங்கள் குடும்பத்தில் முதலில் லண்டனுக்கு வந்தவர். கவுன்சிலில் வேலை செய்தார், கலியாணம் கட்டவில்லை. பின்னால் வந்த நாங்கள் எல்லோரும் கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட் பகுதியில், அவருடைய வீட்டு முன்னறையில்தான் முதலில் பாய் விரித்தோம். அவருடைய தம்பியை, எனக்கு அண்ணை முறையானவரை, படிப்பித்துத் தொழில் தொடங்கவைத்தவரும் அக்காதான். இவற்றையெல்லாம் நானும் எழுதிக் கொடுத்தேன். எங்களவர்கள் முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவு மலரை நாங்கள் இன்னும் கல்வெட்டு என்றுதான் சொல்கிறோம். யாராவது செத்தால் அதை எழுதும் பொறுப்பு என் தலையில் விழும். திகதிகளைச் சரிபார்த்து எழுதுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அக்காவுக்கு நான் எழுதியதில் நான்கு பக்கங்கள் கடலைப் பற்றியவை. அந்த நான்கு பக்கங்களும் அச்சில் இல்லை.

பதினொரு கோடைகள் அக்கா மத்தியதரைக் கடலில் இருந்தார். அவரோடு வேலை செய்து ஓய்வுபெற்ற ஆங்கிலேயச் சிநேகிதி ஒருவருக்குப் பழைய பாய்மரப் படகொன்று இருந்தது. கிரேக்கத்தில், லெஃப்காடா தீவின் துறையொன்றில் அதைக் கட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு ஜூன் மாதமும் இரண்டு கிழமைகள், பதினான்கு நாள், இருவரும் அதில் இத்தாக்கா, கெஃபலோனியா என்று தீவு தீவாகப் போவார்கள். பெயர்ப்பலகைகூட இல்லாத கரையோரக் கிராமங்களில் இறங்குவார்கள். எந்த ஆண்டு எந்தத் தீவு என்பதைப் படங்களின் பின்புறக் குறிப்புகளையும் பழைய விமானச் சீட்டுகளையும் ஒப்பிட்டுத்தான் எழுதியிருந்தேன்.

ஒரு கோடையில் நானும் போனேன். இத்தாக்காவின் வடகிழக்கே, மலைச்சரிவிலிருந்து வீடுகள் தண்ணீர்வரை இறங்கி வருகிற ஒரு கிராமம். அங்கே படகைப் பின்பக்கமாகத்தான் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். முன்னால் நங்கூரத்தை இறக்கி, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்வாங்கி, கடைசியில் பின்கயிறுகளைக் கரையில் கட்ட வேண்டும். சிநேகிதி சுக்கானைப் பிடித்திருந்தார். அக்கா முன்முனையில், காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, சங்கிலியும் கையுமாகக் குந்தியிருந்தார். பிற்பகல் காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பெரிய மோட்டார் படகொன்று வந்து எங்கள் சங்கிலிக்கு மேலேயே தன் நங்கூரத்தைப் போடப் பார்த்தது. அக்கா எழுந்து நின்றார்.

“டேய்! கண் தெரியேல்லையோ உனக்கு? எங்கட சங்கிலிக்கு மேலயோ போடுறாய்? எடடா அங்கால!”

குடா முழுவதும் திரும்பிப் பார்த்தது. அந்த மனிதர் அது என்ன மொழி என்றுகூடத் தெரியாமல் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சிநேகிதி சிரித்ததில் சுக்கான் பிசகியது. அதற்கு அவருக்கும் ஆங்கிலத்தில் நல்ல ஏச்சு விழுந்தது.

அன்று மாலை அக்கா கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டபடி பீச் பழம் கடித்துக்கொண்டிருந்தார். சாறு முழங்கைவரை வழிந்தது, துடைக்கவில்லை.

“பாத்தியோ, இங்க என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை,” என்றார்.

“நான் கேட்டா?”

“கேட்டா உன்னைக் கடலுக்க தள்ளி விழுத்திப்போட்டுப் போயிடுவன்.”

அந்தச் சிரிப்பை நான் ஃபாரஸ்ட் கேட் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. அங்கே அவருக்கு எப்போதும் ஒரு வேலை இருந்தது. அதைச் செய்து தரச் சொல்லிக் கேட்க யாராவது ஒருவர் வாசலில் நின்றார்.

முப்பத்தோராம் நாள், அண்ணை இருக்கும் ஹரோவில் ஒரு மண்டபத்தில் சாப்பாடு. புத்தகம் கைக்கு வந்ததும் கடலைத் தேடினேன். முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினேன். அண்ணையைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டேன்.

“நான் தந்த நாலு பக்கம் எங்கை அண்ணை?”

“மெல்லக் கதை. சனம் நிக்குது.”

“எங்கை எண்டு கேக்கிறன்.”

“நாங்கள் இங்க ஷிப்ட் அடிச்சுச் சாகேக்க, இவா கப்பல்ல சுத்தித் திரிஞ்சவா எண்டு போடச் சொல்லுறியோ? ஊருக்கும் கனடாவுக்கும் போற புத்தகமடா.”

“திரிஞ்சவாதானே! தன்ர காசில, தன்ர லீவில திரிஞ்சவா!”

அண்ணை சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கடல்ல போய்க் கயிறு இழுக்கிறது எங்கட ஆக்கள் செய்யிற வேலையோ? வாசிக்கிறவங்கள் என்ன நினைப்பாங்கள்?”

எங்கட ஆக்கள். இதற்கு என்ன பொருள் என்று எங்களவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரில் கடலுக்குப் போனவர்கள் பிடித்த மீனைத் தின்றோம். சாதியைச் சொல்லி அவர்களை வாசலுக்குள் எடுக்கவில்லை. அகதியாக ஓடி வந்தபோது எத்தனையோ சாமான்களை விட்டுவிட்டு வந்த அண்ணை, அந்த வாசலை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து ஹரோவில் பூட்டியிருக்கிறார். அதற்குள்ளே தன் அக்காவையும், அதுவும் அவர் செத்த பிறகு, அடைத்து வைக்கிறார். முன்னறையில் எங்களுக்குப் பாய் விரித்துத் தந்த பெண் தனக்கென்று வைத்திருந்தது அந்த இரண்டு கிழமைகள் மட்டும்தான். அவற்றையும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அந்தச் சிநேகிதி எங்களிடம் வந்தார். கறுப்புச் சட்டை, கையில் ஊன்றுகோல், மார்போடு அணைத்தபடி கல்வெட்டு. நான் கடலைப் பற்றி எழுதுகிறேன் என்று முன்பே அவருக்குச் சொல்லியிருந்தேன். திகதிகள் கேட்டு எத்தனையோ தடவை தொலைபேசியில் தொந்தரவு செய்திருந்தேன். “நாங்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அண்ணை முகத்தில் சிரிப்பு மாறாமல் தமிழில் என்னிடம் சொன்னார்: “ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டிவிடு. அவவுக்கு எங்க விளங்கப்போகுது.”

நான் சிநேகிதியின் பக்கம் திரும்பினேன். “ஒரு பக்கத்திலும் இல்லை,” என்றேன் ஆங்கிலத்தில். “நான் எழுதினேன். இவர் எடுத்துவிட்டார்.”

அவர் அண்ணையைப் பார்த்தார். “ஏன்?” என்று மட்டும் கேட்டார். வங்கிக்காரரோடும் வரிக்காரரோடும் ஆங்கிலத்தில் வாதாடி வெல்லும் அண்ணை, சோறு முடியப்போகிறது என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார். அதன் பிறகு, என் பெயரை எடுத்துவிட்டுத் திருப்பி அச்சடிக்கச் சொல்லி அவருக்கு இரண்டு தடவை எழுதிவிட்டேன். “விசர்க்கதை கதையாதை தம்பி” என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது, அவ்வளவுதான். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அன்று சிநேகிதியை நான் ரயில் நிலையம்வரை கூட்டிக்கொண்டு போனேன். மெட்ரோபொலிட்டன் ரயிலுக்குக் காத்திருந்தபோது அவர் ஒன்றைச் சொன்னார். கடைசிக் கோடையில், இத்தாக்காவைவிட்டுப் புறப்பட வேண்டிய நாளன்று, சிநேகிதிக்குக் கடும் காய்ச்சல். எழும்ப முடியாமல் படகின் கீழறையில் படுத்துவிட்டார். அக்கா தானே நங்கூரத்தைத் தூக்கி, பாயை விரித்து, பிற்பகல் முழுவதும் தனியே சுக்கானைப் பிடித்து, எதிர்க்கரையில் வைத்தியர் இருக்கும் கிராமம் ஒன்றுக்குப் படகைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மேலே அக்கா உரத்த குரலில் பாடிக்கொண்டிருந்தது கீழே கேட்டதாம்.

அக்கா எனக்கு இதைச் சொன்னதில்லை. படம் இல்லை. அந்தக் கிராமத்தின் பெயர் சிநேகிதிக்கு நினைவில்லை. சாட்சி அவர் ஒருவர்தான். அவரும் காய்ச்சலில் கிடந்தவர். அந்தக் கரையிலுள்ள மூன்று துறைமுக அலுவலகங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. எனவே, அக்கா ஒரு பிற்பகல் முழுவதும் தனியே கடலில் படகு செலுத்தினார் என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படாத தகவல்.