கடைக்குப் போக மட்டும் கிரேக்கம்

நான் கிரேக்க மொழி பேசக் கற்றது சுங்குவார்சத்திரத்தில், ஒரு வாடகை வீட்டின் பின்கட்டில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, டிவிக்கு சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காண்ட்ராக்ட் முடிய மூன்று மாதம் இருந்தது. அதற்குமேல் எங்கள் பேட்சில் யாரையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சூப்பர்வைசரே சொல்லிவிட்டார். ஊருக்குத் திரும்பினால் எனக்காகப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை இருந்தார். அவர் தன் தம்பியை நடுத்தெருவில் போட்டு அடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் பூந்தமல்லியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருந்த ஏஜென்ட்டிடம் போனேன். சைப்ரஸ் தீவில் வீட்டு வேலை, சமையல், துணி, கடைக்குப் போய்வருவது என்று அவர் சொன்னார். அந்த வீட்டு மேடம் போனில் பேசிப் பார்ப்பாராம். கடையில் சாமான் கேட்டு வாங்குகிற அளவுக்காவது அந்த ஊரில் பேசும் கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை விசாவுக்கு என்று அன்றே வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொண்டார்.

முன்கட்டில் இருந்த வீட்டு ஓனரின் மகள் அதே சைப்ரஸில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர் என்றாலும் அக்கா என்றே கூப்பிடுவேன். திரும்பி வந்து எட்டு மாதமாகியும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சர்ச்சுக்குப் போவதைத் தவிர அவர் கேட்டைத் தாண்டியதில்லை. உப்பு வாங்கக்கூட என்னைத்தான் அனுப்புவார். வெளிநாடு போய் வந்த மிதப்பு என்று நினைத்திருந்தேன்.

கிரேக்கம் சொல்லித்தரக் கேட்டதும் அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து அவராகவே கூப்பிட்டார். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து நான் மூன்று மணிக்கு வந்ததும் பாடம். துவைக்கிற கல்மேல் தக்காளி, வெங்காயம், முட்டை, பால் பாக்கெட் எல்லாவற்றையும் பரப்பிக் கடைக்காரி மாதிரி நிற்பார். நான் பையோடு வந்து ‘கலிமேரா’ என்று வணக்கம் சொல்ல வேண்டும். ‘தெலோ’ என்றால் வேண்டும். ‘போசோ கானி’ என்றால் எவ்வளவு. ‘நே’ என்றால் ஆமாம், ‘ஓஹி’ என்றால் இல்லை. ஒரு கிலோவுக்கு ‘எனா கிலோ’. முதல் நாள் அது என் காதில் ‘இன்னா கிலோ’ என்று விழுந்தது.

“எந்தக் கிலோவக் கேக்கிய?” என்றேன்.

அக்கா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மற்றபடி பாடம் பயமாக இருக்கும். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். ஒரு வார்த்தைக்கு நான் தடுமாறினால் முகம் வெளிறிப் போகும். “கிரிகோரா, கிரிகோரா” என்று விரட்டுவார். சீக்கிரம் என்று அர்த்தம்.

“என்னத்துக்குக்கா இப்படி வெரட்டுதிய?”

“இருவது நிமிசம்தான்டி. போவ, வாங்க, வர எல்லாம் சேத்து. நின்னு யோசிச்சுகினு இருந்தா ஆவாது.”

கடைசியாக, ரசீது கேட்க வேண்டும். ‘அபோதிக்ஸி’. அது என் வாயில் நுழையவே இல்லை. “மத்தது எத மறந்தாலும் இத மறக்காத” என்று அந்த ஒரு வார்த்தையை நூறு தடவை சொல்ல வைத்தார். லைனில் சாலிடர் வைக்கும்போது உதட்டுக்குள் அபோதிக்ஸி, அபோதிக்ஸி என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் இருந்த பெண் நான் ஏதோ ஜெபம் செய்வதாக நினைத்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை ஏஜென்ட்டின் ஆபீசுக்கு மேடத்தின் போன் வந்தது. வணக்கம் சொன்னேன். ஒரு கிலோ தக்காளியும் ஆறு முட்டையும் கேட்டேன். எவ்வளவு என்றேன். ரசீதையும் கேட்டேன். அந்தப் பக்கம் மேடம் வேகமாக எதையோ சொன்னார். அதில் எனக்குப் புரிந்தது ‘கிரிகோரா’ ஒன்றுதான். நே, நே என்றேன். ஏஜென்ட் போனை வாங்கிப் பேசிவிட்டு, “செலக்ட் ஆயிட்டம்மா. ரெண்டு வாரத்துல கெளம்பணும்” என்றார்.

மத்தியானம் ஓடி வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பாஸாயிட்டேன்க்கா! ரசீது கேட்டதும் மேடத்துக்குச் சந்தோசம் போல. கிரிகோரான்னு கூடச் சொன்னாவ.”

குடம் நிரம்பி வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை. நான்தான் மூடினேன்.

“ரசீதுல டைம் அடிச்சிருக்கும்டி” என்றார். “அத வாங்கிப் பாத்துட்டு, கடைலேந்து வூட்டுக்கு எத்தினி நிமிசம்னு எங்க மேடம் கணக்குப் போடும். லேட்டானா அன்னிக்கி சோறு கெடியாது. என்ன உள்ள வச்சுக் கதவ வெளிய பூட்டிக்கும். ரெண்டு வருசமா நான் போன ஒரே எடம் அந்தக் கடதான். அதான் எனுக்குக் கடப் பேச்சு மட்டும் தெரியும்.”

அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்தேன். “காப்பாத்துங்கன்னு அவங்க பாஷையில எப்படிக்கா சொல்லணும்?” என்றேன்.

“தெரியாது. கடையில அந்த வார்த்தைக்கு இன்னா வேல?”

அங்கே ஒருநாள் முட்டை அடுக்கின் முன்னால் நின்றபோது அவருக்கு அழுகை வந்துவிட்டதாம். கடைக்காரப் பெண் என்னவோ கேட்டிருக்கிறாள். அக்காவுக்கு வாயில் வந்தது இரண்டே சொல். “ஓஹி ஸ்பீதி”. வீடு வேண்டாம். அந்தப் பெண் புரிந்துகொண்டு கடை ஷட்டரை இழுத்துவிட்டாள். யார் யாருக்கோ போன் செய்து, சர்ச் ஆட்கள் வந்து, கையில் பாஸ்போர்ட்கூட இல்லாமல் நாலு மாதம் அலைந்து ஊர் வந்து சேர்ந்திருக்கிறார்.

“மொதல்லயே ஏன்க்கா சொல்லல?”

“எல்லா வூடும் அப்பிடி இருக்காதுல்ல. உனுக்கு நல்ல வூடு கெடச்சா நான் ஏன் கெடுக்கணும்னு நெனச்சேன். எங்கம்மாவுக்கே தெரியாதுடி இது.”

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்கக் கிளம்பினேன். கேட்டருகே போனபோது பின்னால் செருப்புச் சத்தம். அக்கா புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். பஸ்ஸில் பூந்தமல்லி வரை என் மணிக்கட்டைப் பிடித்தபடியே வந்தார். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

ஏஜென்ட் முதலில் சிரித்தார். பிறகு குரல் மாறியது. “வெளயாட்டா? மேடம்கிட்ட பேசியாச்சு. இனிமே பாஸ்போர்ட்லாம் தர முடியாது.” உள்ளறையிலிருந்து ஒரு ஆள் வந்து கதவருகே நின்றான். போய்விடலாம் என்று அக்காவின் முந்தானையை இழுத்தேன்.

அக்கா அங்கே காத்திருந்த பெண்களைப் பார்த்தார். நாலைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்கள். அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பாஸ்போர்ட்ட குடுக்குற வரிக்கும் நாங்க இங்கியேதான் குந்திகினு இருப்போம். சும்மா குந்தமாட்டேன். அந்த ஊரு கத இன்னான்னு இவங்களுக்குச் சொல்லிகினு இருப்பேன்.”

ஏஜென்ட் அந்தப் பெண்களைப் பார்த்தார். டிராயரைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் எறிந்தார். “கெளம்பு. இனி இந்தப் பக்கம் வராத.”

படியில் பாதி இறங்கியபோது, காத்திருந்தவர்களில் ஒரு பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். “அக்கா, இன்னா ஊரு கத? சைப்ரஸா? நானும் அங்கதான் போறேன்.” அக்கா படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார், எனக்குச் சொல்லாத சிலவற்றையும். அந்தப் பெண் கடைசி வரை கேட்டாள். “எனுக்கு ரெண்டு கொழந்திங்க, அவரும் இல்ல. வேற வழி கெடியாதுக்கா” என்று மறுபடி மாடி ஏறினாள்.

அதன்பின் ஒரு வாரம் எங்கள் தெருமுனையில் ஒரு பைக் வந்து நின்றுகொண்டிருந்தது. ஓட்டி வந்தவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நானும் அக்காவும் கதவைத் தாழிட்டுக்கொண்டு பார்த்தபடி இருப்போம். வந்தது எங்களுக்காகத்தானா என்று இன்றுவரை தெரியாது. ஒருநாள் அது வரவில்லை. பிறகு எனக்கு ஒரகடத்தில் ஒரு பேக்கிங் லைனில் வேலை கிடைத்தது. ஊருக்குப் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மாடியில் ஏஜென்ட்டின் போர்டு இல்லை. படியில் எங்களிடம் பேசிய பெண்ணின் அடையாளம் சொல்லி விசாரித்தேன்.

“அவங்களா? பாஸ்போர்ட் காப்பி எடுக்க வந்தாங்களே, கையில ஒரு கொழந்தையோட” என்றார் கடைக்காரர். “அவங்க சைப்ரஸ் போயிட்டாங்கம்மா.”

எந்த வீட்டுக்கு என்று அவருக்குத் தெரியவில்லை.