கூரையை எட்டாத சுவர்

போன ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது குன்றத்தூரிலிருந்து வசந்தா அக்கா போன் செய்தார். நல்லா இருக்கியா என்ற விசாரிப்புகூட இல்லை.

"நம்ம தெருவ அளக்கறாங்கோ. செவுத்துல சாக்பீஸால நம்பர் போட்டுக்கீறாங்கோ. லாரி போறதுக்கு ரோடு வருதாம். இடிக்கிறதுக்கு முன்ன ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போ."

உண்மையில் அது என் தெரு இல்லை. நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்த புதிதில், என்னைப்போல் தெற்கிலிருந்து வந்த பெண்களோடு அக்காவின் ஓட்டு வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்தவள், அவ்வளவுதான். ஆனாலும் ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டுப் படப்பையில் பஸ் ஏறினேன்.

தெருவுக்குள் நுழைந்ததும் கருவாட்டுக் குழம்பு மணத்தது. உங்களுக்கு எப்படியோ, எனக்கு அந்த மணம் வந்தால் நைட் ஷிப்ட் முடித்து வந்த கண்ணெரிச்சலும் கூடவே வந்துவிடும்.

அந்தத் தெருவில் வீடுகளெல்லாம் ஒட்டிப் பிறந்தவை. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே கூரை. சுவருக்கும் ஓட்டுக்கும் இடையே பூனைகள் சாவகாசமாக நடந்துபோகும். பூனை மட்டுமா? குழம்பு வாசனை, இருமல், டிவி சீரியல் அழுகை எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். ஒரு சீரியலை நான் காதாலேயே முழுக்கப் பார்த்தேன். பிறகு ஒருநாள் அதன் கதாநாயகியைத் திரையில் பார்த்தபோது, நான் மனசில் வைத்திருந்த முகத்துக்கு அவள் கால்தூசு பெறமாட்டாள் என்று தோன்றியது.

"இது என்னக்கா வீடு, மூச்சுவிட்டாக்கூட பக்கத்து வீட்டுக்குக் கேக்கு" என்று நான் புலம்பாத நாளில்லை.

பக்கத்து வீடு மாலா அக்காவுடையது. வசந்தா அக்காவின் ஓரகத்தி. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட வீடு. சாக்கடைத் தண்ணீர் யார் பக்கம் போவது என்று இரண்டு பேருக்கும் சண்டை வந்து, கொல்லைப்புறத்தில் இருந்த பொதுக்கதவில் வசந்தா அக்கா ஆணி அடித்துவிட்டார். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. மாலா அக்காவின் குழம்பு வாசனை சுவரேறி வந்தால் மட்டும், "இன்னைக்கும் உப்பு தூக்கல்" என்பார். மூக்கால் எப்படி உப்புப் பார்த்தாரோ!

ஒரு கிருத்திகை அன்று வசந்தா அக்கா மலைக்கோயிலுக்குப் போயிருந்தார். மற்ற பெண்கள் பகல் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்த நான் வாசலைத் தாழிட்டு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு, சும்மா இரண்டு நிமிஷம் என்று பாயில் சாய்ந்தேன்.

பால் வற்றி, பாத்திரம் தீய்ந்து, கைப்பிடித் துணியில் தீப்பிடித்து, மேலே கொடியில் காய்ந்த எங்கள் யூனிபார்ம்களில் ஏறியிருக்கிறது. எனக்கு எதுவும் தெரியாது. புகைதான் எழும்பிச் சுவரைத் தாண்டி மாலா அக்காவின் சமையலறைக்குப் போய்ச் சேதி சொல்லியிருக்கிறது. அவர் கத்தியிருக்கிறார். பதில் இல்லை. கடப்பாரையை எடுத்து ஆணியடித்த கதவை நெம்பித் தள்ளிக்கொண்டு வந்து, என்னை முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்ட பிறகுதான் நான் கண்விழித்தேன்.

"தீப்பத்திக்கினு எரியுது, நீ இன்னாடி தூங்கிக்கினு கீற!" என்று திட்டியபடியே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்.

வசந்தா அக்கா நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். கரிந்த சுவரைப் பார்த்தார். மாலா அக்காவின் டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். பிறகு உடைந்து கிடந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆணி அங்கதான் கீது. வேணும்னா மறுபடியும் அடிச்சிக்கோ" என்றார் மாலா அக்கா.

வசந்தா அக்கா குனிந்து வளைந்த ஆணிகளைப் பொறுக்கிக் கிணற்றுக்குள் வீசினார். "இன்னா கொழம்பு வெச்ச?" என்று கேட்டார்.

"ஏன், உனுக்கு வாசன வரலியா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான்தான் அழுதேன். யூனிபார்ம் எரிந்துபோன கதையைச் சூப்பர்வைசர் கடைசிவரை நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

மறுபடி போன ஞாயிற்றுக்கிழமைக்கே வருகிறேன். வசந்தா அக்கா வாசலில் கலங்கிப்போய் நின்றிருந்தார். டேப்பும் கையுமாக இருந்த ஒரு பெண்ணிடம் நானே போய்க் கேட்டேன். கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளாம்.

"ரோடெல்லாம் இல்ல ஆன்ட்டி. இது பாரம்பரியமான தெரு. அளந்து வரைஞ்சு வெக்கிறோம். இத அப்படியே காப்பாத்தணும்."

வசந்தா அக்கா "முருகா" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"காப்பாத்தணுமா? அப்ப மழைக்கு முன்ன ஓடு மாத்திக் குடு கண்ணு" என்றார் மாலா அக்கா. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே டேப்பைச் சுருட்டினாள்.

மற்ற வீடுகளில் பார்த்த, கூரையை எட்டாத சுவரைப் பற்றித்தான் அவளுக்குச் சந்தேகம். காற்றோட்டத்துக்காக மேலே இடைவெளி விட்டிருப்பார்களோ என்று கேட்டாள். எதற்காக விட்டார்களோ, எனக்குத் தெரியாது. நான் இன்று உயிரோடு இருப்பது அதனால்தான் என்று நடந்ததைச் சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு அந்த இடைவெளியைப் பார்க்கவேண்டும் என்றாள்.

காட்டத்தான் முடியவில்லை. பின்கட்டில் இப்போது தூத்துக்குடிப் பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏசி கேட்டதால், குளிர் வெளியே போகாமலிருக்க வசந்தா அக்கா வெள்ளைப் பலகையால் மேலே அடைத்துவிட்டார். மாலா அக்கா வீட்டிலிருந்து அண்ணாந்து பார்த்தால் அந்தப் பலகையின் முதுகுதான் தெரிந்தது.

"தெரு பொழச்சிச்சு, அது போதும்" என்றார் மாலா அக்கா. எனக்கும் அப்படித்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போ என்று இலை போட்டார். கருவாட்டுக் குழம்பு, உப்பு சரியாகத்தான் இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே, அந்தப் பையன்கள் பெயர் என்ன என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்?" என்றார். "ரெண்டு பேரோ மூணு பேரோ. இருமுனா கேட்டாத்தானே."