துவாதசிக் கீரை

தயிரில் இருக்கும் நல்ல கிருமி வயிற்றுக்குள் போய்த் தங்குகிறதா, வந்த வேகத்தில் வெளியேறிவிடுகிறதா? இந்த ஒரு கேள்வியைக் கட்டிக்கொண்டு திருச்சி ஆய்வுக்கூடம் ஒன்றில் வருடக்கணக்காக மாரடித்தேன். கிருமிக்குச் சிவப்பாக ஒளிரும் குணத்தை ஏற்றி எலிகளுக்குப் புகட்டுவோம். சில நாள் கழித்து எலியை மயக்கிக் கேமராப் பெட்டிக்குள் படுக்கவைத்தால், கிருமி தங்கிய இடம் வெளியிலிருந்தே தெரியவேண்டும். ஒவ்வொரு முறையும் இருட்டுதான் தெரிந்தது.

கேமரா வேறொரு துறையுடையது. "இந்தத் தடவையும் தெரியலைன்னா மூடிட்டு வேற வேலையைப் பாருங்க" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

குடலில் தீனி இருந்தால் படம் கெடும் என்று, கடைசித் தடவை படமெடுப்பதற்கு முதல் நாளே எலிகளைப் பட்டினி போட்டேன். காலையில் பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து முதல் எலியைப் படமெடுத்தேன். வயிறு முழுக்கச் சிவப்பு. அடுத்ததும் அப்படியே. தனியாக நின்று சிரித்தேன். பிறகு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கிருமியே கொடுக்காமல் வைத்திருந்த எலியைப் படுக்கவைத்தேன். அதுவும் ஜெகஜ்ஜோதியாக ஒளிர்ந்தது.

கூண்டில் பச்சைக் காம்புகள் கிடந்தன. எலிகளைப் பார்த்துக்கொள்பவர் ஸ்ரீரங்கத்து மாமி.

"மாமி, எலிக்கு என்ன குடுத்தீங்க?"

"அகத்திக்கீரைதான். நேத்திக்கு ஏகாதசி. நீங்களும் அதுகளைப் பட்டினி போட்டேள். துவாதசி விடிஞ்சும் அகத்தி போட்டுப் பாரணை பண்ணி விரதத்தை முடிச்சு வைக்காம இருக்கலாமா? வாயில்லா ஜீவன்."

கீரையின் பச்சை அந்தக் கேமரா வெளிச்சத்தில் சிவப்பாகத்தான் ஒளிரும். அது எனக்குத் தெரியும். எலிக்கு ஏகாதசி உண்டு என்பதுதான் தெரியாது. மத்தியானம் கேமராவைத் திருப்பித் தரவேண்டும். அதற்குள் கீரை குடலைவிட்டு இறங்காது. விஷயத்தைச் சொன்னதும் மாமியின் முகம் சுண்டிப்போனது. பேராசிரியருக்குப் போன் செய்தேன். "சரி, மூடிடுங்க" என்றார்.

கேமரா போன பிறகு மாமி வந்து என் மேஜையில் ஒரு டப்பாவை வைத்தார்.

"நீங்களும் நேத்திலேர்ந்து வெறும் டீயோட இருக்கேள். சாப்பிடுங்கோ."

உள்ளே சாதமும் அகத்திக்கீரைக் கறியும் இருந்தன. ஆத்திரமாக வந்தது, பசியும் வந்தது. டப்பாவை வழித்துச் சாப்பிட்டேன். கிருமிகள் அந்த எலிகளின் வயிற்றில் தங்கினவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.