மாப்பிள்ளை டச்சப்

ஸ்டூடியோவின் பின்னறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். அவற்றின் முன்னால் முதுகோடு முதுகாக உட்கார்ந்து, இரண்டு ஆண்கள் ஒன்பது வருஷமாக ஊரார் முகங்களைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு ஜூம் என்று பட்டப்பெயர். எந்த முகமானாலும் திரை கொள்ளாத அளவுக்குப் பெரிதாக்கி, மயிர்க்கால் மயிர்க்காலாகப் பார்த்தால்தான் அவனுக்குத் திருப்தி. இன்னொருவன் நம்ம ஆள். பட்டப்பெயர் வைக்கும் அளவுக்குக்கூட யாரும் அவனைக் கவனித்ததில்லை.

ஆனால் மாப்பிள்ளை டச்சப் அவனுடைய கண்டுபிடிப்புதான். கல்யாண ஆல்பத்துக்கு வரும் மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் தூக்கமில்லாமல், முகம் வெளிறி, எங்கே கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள் என்பதுபோல் முழிப்பார்கள். அதை அப்படியே அச்சடித்துக் கொடுக்க முடியுமா? அவன் ஒரு முறை வகுத்தான். கண்ணுக்குக் கீழே வீக்கம் போகவேண்டும், தோள் அரை விரல் ஏறவேண்டும். தாடையை இறுக்கி, மீசையைக் கறுப்பாக்கி, தொப்பையை உள்ளே தள்ளவேண்டும். பத்தே நிமிஷத்தில் பயந்தாங்கொள்ளி சிங்கமாகிவிடுவான். முதலாளிக்கு ஏகக் குஷி. கடையில் ‘இதை நல்லபடியா போட்டுடு’ என்று யாராவது சொன்னால் மாப்பிள்ளை டச்சப் போடு என்று அர்த்தம். ஜூமுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் நம்ம ஆள்தான்.

அவன் மனைவி போய் மூன்று வருஷமாகிறது. சண்டை சச்சரவு எதுவுமில்லை. “உங்ககிட்ட பேசறதும் செவுத்துக்கிட்ட பேசறதும் ஒண்ணுதான்” என்று ஒரு நாள் சொன்னாள். அதற்கும் அவன் பதில் சொல்லவில்லை. இரண்டு பெட்டிகளோடு கிளம்பிவிட்டாள். கேட்டவர்களிடம், அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றான். ஒரு மனுஷி அக்கா வீட்டில் எத்தனை மாசம்தான் இருப்பாள்? யாரும் அப்படிக் கேட்கவில்லை. விசாரிப்பதையே நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரிப்பேராகி வந்த காமிராவைச் சோதித்துப் பார்க்க அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்து டைமரைத் தட்டினான். எதிரே நிற்க வேறு ஆளில்லை, அதனால் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு அவனே ஓடிப்போய் நின்றான். படத்தில் பார்த்தால், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் தட்டைக் கையில் ஏந்தி, நின்றவாக்கிலேயே சாப்பிடும் ஒருத்தன். தோள் இரண்டும் தொங்கிப்போயிருந்தன. பழக்க தோஷத்தில் கை மவுஸுக்குப் போனது. ஆனால் தோளை ஏற்ற மனசு வரவில்லை. அந்தத் தொங்கின தோளைப் பார்த்தபோது, வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதுபோல் சின்னதாக ஓர் ஆறுதல்.

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் எடுத்தான். நிற்கப்போகும் இடத்தில் விளக்குமாற்றைச் சாத்தி வைத்து ஃபோகஸ் பார்ப்பான். பிறகு அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் போய் நிற்பான். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருந்தால், மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். துண்டுக்கு மேல் வழியும் தொப்பையோடு எடுத்தான். ஒற்றைச் சட்டைக்கு இஸ்திரி போடுவதை எடுத்தான். யாரும் கூப்பிடாத போனை மடியில் வைத்துக்கொண்டிருப்பதை எடுத்தான். சில ஞாயிறுகளில் டைமர் ஓடும் அந்தப் பத்து விநாடிக்குள் என்னவோ உடைந்து, அழுகை வந்துவிடும். அதுவும் படத்தில் விழுந்தது.

‘இன்றைய ஆண்’ என்ற தலைப்பில் புதியவர்களுக்கு ஒரு புகைப்படக் கண்காட்சி என்று விளம்பரம் வந்தபோது பன்னிரண்டு படங்களை அனுப்பிவைத்தான். கண்காட்சி நடத்தும் அம்மா மறுவாரமே போன் செய்தார். “பன்னிரண்டையும் மாட்டறோம் சார். ஒரு முழுச் செவுரு உங்களுக்குத்தான். சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள பிரிண்ட் வந்துடணும்.”

பேரும் புகழும் அவன் கேட்கவில்லை. வாயால் சொல்ல முடியாததை யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், கண்ணால் பார்த்துவிட்டால் போதும். அதற்குத்தான் இத்தனை பாடும்.

கடையில் பிரிண்ட் போடுவது ஜூமின் பொறுப்பு. அவன் அந்தப் படங்களைப் பார்க்கும்போது பக்கத்தில் நிற்க நம்ம ஆளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. வெளியே ஷூட்டிங் இருக்கிறது என்று ஒரு சாக்கைச் சொல்லி, பென்டிரைவை மேசைமேல் வைத்தான். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “நல்லபடியா போட்டு வைடா” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடைக்கு வந்து பிரிண்ட் கட்டைப் பிரித்தான். உள்ளே பன்னிரண்டு ஆணழகர்கள். தொட்டி முன்னால் நின்றவன் போர்வீரனைப்போல் தட்டை ஏந்தியிருந்தான். தொப்பையைக் காணோம். போனை மடியில் வைத்திருந்தவன், அடுத்த கணம் ஊரையே விலைபேசப் போகிறவனைப்போல் இருந்தான். அழுத முகங்களெல்லாம் பளிச்சென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தன.

“எப்படி?” என்றான் ஜூம், பெருமை பொங்க. “கம்ப்யூட்டரே பண்ணட்டும்னு பட்டனைத் தட்டிவிட மனசு வரலடா. உன் படமாச்சே. ஒவ்வொண்ணா கையாலயே பண்ணேன். ரெண்டு நாள் ஆச்சு.”

நம்ம ஆளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. யாரிடம் கத்துவது? முறையும் அவனுடையது, சொன்ன வார்த்தையும் அவனுடையது. ஒன்பது வருஷத்தில் அவனுக்காக ஒருத்தன் இரண்டு நாள் உட்கார்ந்து செய்த ஒரே காரியமும் இதுதான்.

“டச்சப் வேண்டாம்டா. இருந்தது இருந்தபடியே வேணும்.”

“அந்த மூஞ்சியோடவா? நாலு பேர் பார்க்கற எடத்துலயா?”

“ஆமா.”

ஜூமுக்குப் புரியவில்லை. இருந்தாலும் புதுத்தாளை மெஷினில் போட்டான். ஒரு படம் வர ஏழெட்டு நிமிஷம் ஆகும். இரண்டு பேரும் மெஷினைப் பார்த்தபடி நின்றார்கள். இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் அவர்கள் நின்றதே அபூர்வம்.

ஏழாவது படம் மெல்ல வெளியே வந்தது. கட்டில் விளிம்பில் அவன், சட்டையைப் பாதி கழற்றியபடி, இமைகள் தடித்து, மூக்கு சிவந்து. ஜூம் அதைக் கையில் எடுக்காமலே நின்றான்.

“இதுல கண்ணு ரொம்ப வீங்கியிருந்துச்சு. இதுக்கு மட்டுமே முக்கால் மணி நேரம் ஆச்சுடா.”

“பார்த்தியா?”

“பார்க்காம எப்படி அழிக்கறது? அஞ்சு படத்துல அப்படித்தான் இருந்துச்சு. நீ அழுதிருக்கேன்னு தெரிஞ்சுது.”

ஆக, ஒருத்தன் பார்த்துவிட்டான். இந்த உலகத்தில் வேறு யாரும் பார்க்கப்போவதில்லை என்னும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான். பார்த்து, துளித் துளியாக அழித்திருக்கிறான்.

“அப்ப என்கிட்ட கேட்டிருக்கலாமேடா.”

ஜூம் அடுத்த தாளை எடுத்து அதன் விளிம்பைத் தட்டித் தட்டிச் சரிசெய்தான். “கேட்டா நீ சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு,” என்றான் கடைசியில். “நீ சொல்லிட்டா, அப்புறம் நான் என்ன சொல்றது? எனக்கு அதெல்லாம் தெரியாதுடா.”

“இப்ப கேளு.”

ஜூம் தொண்டையைச் செருமிக்கொண்டான். மெஷினைப் பார்த்தபடியே கேட்டான். “என்னடா ஆச்சு?”

நம்ம ஆள் வாயைத் திறந்தான். அவள் போன நாள், பதில் சொல்லாமல் அவன் நின்ற நிலை, அக்கா வீடு என்ற பொய், மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டன. அப்போது ஜூமின் முகத்தைப் பார்த்தான். ஊசி போடப்போகிறார்கள் என்று தெரிந்த குழந்தையைப்போல் அவன் கண்ணை இறுக்கிக்கொண்டு காத்திருந்தான்.

“ஒண்ணுமில்லடா,” என்றான் நம்ம ஆள். “அப்பல்லாம் சரியா தூக்கம் கிடையாது.”

“அதானே பார்த்தேன்,” என்று ஜூம் நிம்மதியாக மூச்சு விட்டான். ஏழாவது படத்தை எடுத்து மேசைமேல் காயவைத்துவிட்டு, எட்டாவது படத்துக்குத் தாளை வைத்தான்.