நீர்க்காகத் திட்டும் ஒரு கோடாலியும்

பவளத்தீவுகளில் கடற்பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டுவதைக் காணொளிகளில்தான் பார்த்திருக்கிறேன். அங்கே போய் இறங்க அனுமதி கிடையாது. எங்கள் தெருவிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் செல்வி அக்கா, "எங்க தோட்டத்துக் குளத்துக்குள்ள ஒரு திட்டு இருக்கு தம்பி. மரம் பூரா நீர்க்காக்கா" என்றதும், ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

போடியில் காலை 5.40. ஒன்பது பேருக்கான ஜீப்பில் என்னோடு பத்தொன்பது பேர். போடிமெட்டுக்கு 26 கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். விபத்து நடந்த அன்று மட்டும்தான் இந்த ஜீப்புகளில் எத்தனை பேர் என்று யாராவது எண்ணுவார்கள்.

மூன்றாவது வளைவில், கீழே கிடந்த சாக்கின் மேலிருந்து காலை நகர்த்தினேன்.

"கால அந்தச் சாக்கு மேலயே வைங்க தம்பி," என்றார் அக்கா. "உள்ள கோடாலி இருக்கு."

எச்சத்தால் தண்ணீர் கெடுகிறதென்று திட்டிலுள்ள மரத்தை வெட்டச் சொல்லிவிட்டாராம் முதலாளி. குஞ்சுகள் பறக்க இன்னும் இரண்டு வாரமாகும். பட்டறையில் புதுப் பிடி போட்டு வாங்கிய தோட்டத்துக் கோடாலியை வேலையாட்கள் எட்டு நாளாக ஜீப்பிலேயே ஒளித்து வைத்திருக்கிறார்கள். டிரைவரும் கூட்டு.

"வீட்ல வச்சிரலாமே?"

"திருட்டுப் பட்டம் கட்டிருவாங்க. ஜீப்புல கெடந்தா மறந்துட்டோம்னு சொல்லிக்கிரலாம். வேணும்னே ஒளிச்சது தெரிஞ்சா எங்க எல்லாருக்கும் சோலி போச்சு."

7.15க்குத் தோட்டம். எல்லோரும் இறங்கினார்கள். நான் சாக்கின் மேல் காலை வைத்தபடி அசையாமல் இருந்தேன். கங்காணி வந்தார்.

"கோடாலி எங்கத்தா?"

"பட்டறைக்காரருக்குக் காய்ச்சல்ணே," என்றார் அக்கா.

"எட்டு நாளாவா? பிடிக்கு மரம் நட்டு வளக்குறானா?" ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். "இது யாரு?"

"என் சித்தி மகன்ணே. வளைவுல தலை சுத்திருச்சு. எந்திரிச்சா வாந்தி எடுத்துருவான்."

கங்காணி இரண்டடி பின்வாங்கினார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவர் மேட்டுக்குப் போனதும் குளக்கரையில் இருபது நிமிடம் நின்றேன். நூறடி தள்ளி, ஒரே மரத்தில் நாற்பது கூடுகளுக்கு மேல். எச்சத்தில் வெளுத்த கிளைகள், மீன் வாடை. ஒரு குஞ்சு தாயின் தொண்டைக்குள் தலையை விட்டு இரை எடுத்தது. அதைக்கூட நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. யாராவது சாக்கைத் தூக்குகிறார்களா என்று ஜீப்பையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: போடிமெட்டுக்குப் பஸ் இருக்கிறது. வேலையாட்கள் ஜீப்பில் ஏறி நெரிசலைக் கூட்டாதீர்கள். நான் செய்தது தப்பு. தோட்டத்தின் பெயரைக் கேட்க வேண்டாம். அக்காவின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். பறவைக்காக உருகும் நாம் யாரும் அத்தனை பேரின் கூலிக்குப் பொறுப்பேற்கப் போவதில்லை.

இதை எழுதி மூன்று வாரம் வெளியிடாமல் வைத்திருந்தேன். நேற்று அக்கா கூப்பிட்டார்.

"கடைசிக் குஞ்சும் பறந்துருச்சு தம்பி. இன்னைக்குத்தான் எங்களுக்குக் கோடாலி ஞாபகம் வந்துச்சு."