பெயர் சொல்லி ஜெபித்த பயணம்

ரப்பர் ஷீட் காயும் இடத்தில் ஒரு புளித்த நாற்றம் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் மூக்கைப் பொத்துவார்கள்; எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது மலை நெருங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். பூதப்பாண்டி தாண்டி, தடிக்காரன்கோணம் தாண்டி, கீரிப்பாறைக்கு ஏறும் சாலையில், அம்பாசடர் காரின் திறந்த சன்னல் வழியாக அந்த நாற்றத்தை நான் முதன்முதலாக முகர்ந்தபோது எனக்குப் பத்து வயது. இன்றும் அது மூக்கில் பட்டால் எனக்கு மலை ஞாபகம் வருவதில்லை. முகம் சூடாகிவிடுகிறது, காதுமடல் வரைக்கும்.

அந்த வயதில் நான் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் ‘கல்ஃபில்’ இருந்தார்கள். வாசனை ரப்பர், அமுக்கினால் திறக்கும் பென்சில் பெட்டி என்று தினம் ஒரு காட்சி. என் அப்பாவோ நாகர்கோவில் டாக்சி ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். ஜாஸ்மின் ஒருநாள் கேட்டபோது, கொஞ்சமும் யோசிக்காமல், “எங்கப்பா மஸ்கட்ல” என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு நின்றேனா? அவர் அனுப்பியதாக இல்லாத சாமான்களை எல்லாம் வர்ணித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை எனக்கு அப்போதே கைவந்திருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்த விடுமுறையில், கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்த ஜாஸ்மினின் அப்பா, குடும்பத்தோடு கீரிப்பாறையும் பேச்சிப்பாறை அணையும் பார்த்து வரக் கிளம்பினார். மகளின் தோழி என்று என்னையும் கூப்பிட்டார்கள். அப்பா விடியும் முன்னே, “இண்ணைக்கு மலைச் சவாரி உண்டு” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். யாருடைய சவாரி என்று அவருக்கும் தெரியாது. ஸ்டாண்டில் யாரோ பிடித்துக் கொடுத்தது. நான் பாவாடையை இரண்டு தடவை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு ஜாஸ்மின் வீட்டுக்கு நடந்தேன்.

கார் வந்து நின்றது. இறங்கியவர் அப்பா.

என்னைக் கண்டதும் அவர் முகம் அப்படியே மலர்ந்தது. “ஏ மக்...” என்று வாய் எடுத்தார். நான் சட்டென்று ஜாஸ்மினின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்து, முற்றத்துக் கொல்லாமாவை, அந்த முந்திரி மரத்தைப் பார்ப்பதுபோல அண்ணாந்து நின்றேன். அதில் பூவும் இல்லை, காயும் இல்லை. அப்பா காரைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். பிறகு கதவைத் திறந்து பிடித்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் சொன்னார்: “பாப்பா, விரலு பாத்து.”

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபம் பண்ணாமல் வண்டி நகராது. அதிலும் ஜாஸ்மினின் அம்மா, நான் ஆன்டி என்று கூப்பிடுபவர், சும்மா ஜெபித்தால் விடமாட்டார். “பேரு சொல்லி ஜெபிச்சாத்தான் பிள்ளே ஜெபம்” என்பார். நான் எங்கள் கோவில் ஓய்வுநாள் பள்ளியில் ஜெபத்துக்குப் பெயர் போனவள் என்பது ஜாஸ்மின் சொல்லி அவருக்குத் தெரியும். “சுஜா, நீயே பண்ணு மக்கா. வண்டி ஓட்டுற அண்ணனையும் நெனச்சுக்க” என்றவர், முன்பக்கம் குனிந்து, “அண்ணனுக்க பேரு என்ன?” என்று கேட்டார்.

அப்பா எஞ்சினை அணைத்தார். திரும்பாமல், கண்ணாடியையும் பார்க்காமல் சொன்னார்.

“தங்கராஜ்.”

என் அப்பா தன் பெயரை எனக்குச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு, “இந்த வாகனத்தை ஓட்டுகிற தங்கராஜ் மாமாவையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம், அவரையும் அவர் குடும்பத்தையும் ஆசீர்வதியும்” என்று, ராகம் கூடப் பிசகாமல், ஜெபித்தேன். ஐயோ, என்ன பிள்ளை நான்! அந்த வரிகளை எனக்கு மடியில் உட்கார்த்திச் சொல்லித் தந்ததே அவர்தான். எல்லோரும் ஆமென் சொன்னபோது அவரும் சொன்னார், கோவிலில் சொல்வது போலவே.

அதன்பிறகு பார்த்த மலை எதுவும் எனக்கு மலையாகத் தெரியவில்லை. ரப்பர் இலைகள் செம்பு நிறமாகச் சிவந்து உதிரும் காலம் அது. சாலையின் இருபுறமும் மரங்கள் அணிவகுத்து நின்றன. ஒவ்வொன்றின் இடுப்பிலும் கட்டிய சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. ஜாஸ்மினும் தம்பியும் குதித்தார்கள். அவள் அப்பா முன் இருக்கையிலிருந்து திரும்பி, “உனக்க அப்பா மஸ்கட்ல எந்தக் கம்பெனி?” என்று கேட்டார். “தெரியாது அங்கிள்” என்றேன். “எப்ப லீவுல வருவாரு?” “அடுத்த வருசம்.” அப்போது கியர் ஒருமுறை கரகரவென்று அலறியது. மலையேற்றத்தில் கியர் மாற்றுவதில் அப்பாவை அடிக்க ஸ்டாண்டில் ஆள் கிடையாது.

மத்தியானம் பேச்சிப்பாறை அணைக்கரையில் பாய் விரித்தோம். சோறு, கோழிக்கறி, வாழைக்காய் வறுவல். கிறிஸ்துமசுக்குப் பரணிச் சாடியில் போட்ட திராட்சை ஒயினில் மிச்சத்தை ஆன்டி ஒரு குப்பியில் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு மூடி கிடைத்தது. “டிரைவருக்கு வேண்டாம், மலை ரோடுல்லா” என்று அங்கிள் சிரித்தார். ஆன்டி ஓர் இலையில் சோறும் கறியும் வைத்து என்னிடம் நீட்டினார்: “அண்ணனுக்கு கொண்டு குடு மக்கா.”

கார் புளியமரத்தடியில் நின்றது. நூறு அடி இருக்கும். நடக்க நடக்க, இப்போது சொல்லிவிடலாம், காலில் விழுந்துவிடலாம் என்றெல்லாம் தோன்றியது. அப்பா எழுந்து நின்று இரண்டு கையாலும் இலையை வாங்கினார், சவாரிக்காரர்களிடம் வாங்குவதைப் போல.

“நீ சாப்பிட்டியா?” என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையாட்டினேன். “கொறச்சு தின்னு. எறங்கும்போ உனக்குக் கொமட்டும்.”

அவ்வளவுதான். கோபித்திருக்கலாம், காதைத் திருகியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நான் அழுது தொலைத்து, அன்றைக்கே எல்லாம் தீர்ந்திருக்கும். நான் திரும்பி ஓடினேன். பாயில் உட்கார்ந்து, ஆன்டி வைத்த இரண்டாவது கோழித்துண்டையும் தின்றேன். அந்த ருசியை ரசித்தேன் என்பதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

சாயங்காலம் என்னை முதலில் வீட்டில் இறக்கிவிடச் சொன்னார்கள். எங்கள் வீடு ஒரு முடுக்குச் சந்துக்குள், தெருக்குழாய்க்கு எதிரே. அந்த நேரத்தில் அம்மா குடத்தோடு அங்கேதான் நிற்பாள். அப்பா முடுக்குக்கு இரண்டு தெரு முன்பாகவே, இரும்புக் கேட் போட்ட ஒரு மாடி வீட்டின் முன் வண்டியை நிறுத்தினார். “பாப்பா சொன்ன அடையாளம் இதுதானே?”

நான் ஓர் அடையாளமும் சொல்லியிருக்கவில்லை. “ஆமா” என்று இறங்கினேன். யாருடைய வீடோ. உள்ளே நாய் குரைத்தது. கார் மூலை திரும்பும்வரை அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, ஜாஸ்மினுக்குக் கை காட்டினேன்.

அப்பா வந்ததும் அம்மா சவாரியைப் பற்றிக் கேட்டாள். “நல்ல ஆளுவ. பிள்ளைகளும் நல்ல பிள்ளைக” என்று முகம் கழுவப் போய்விட்டார். குடும்ப ஜெபத்தில் அவர் முறை வந்தபோது முழங்காலிட்டார். பிறகு, “எனக்க பிள்ளைக்கு என்னக்கொண்டு ஒருநாளும் தலகுனிவு வரப்பிடாது ஆண்டவரே” என்றார். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆமென் சொன்னது அவள் மட்டும்தான்.

அதன்பின் எத்தனையோ வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். என்னைக் கல்லூரிக்கும், கல்யாணத்துக்கும், பிரசவத்துக்கும் கொண்டுபோனது அவருடைய கார்தான். அந்த நாளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில், சொல்வதற்கு ஆளில்லாமல் போயிற்று.

இப்போது அந்த ஸ்டாண்டு இல்லை. அம்பாசடர்களும் இல்லை, போனில் தட்டினால் வண்டி வாசலுக்கு வருகிறது. கீரிப்பாறை சாலையில் செல்ஃபி எடுக்க நிற்கிறவர்களின் கார்கள்தான் வரிசை. ஜாஸ்மின் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். போன மாதம், பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் என் எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டாள். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, சாதாரணமாகக் கேட்டாள்: “ஏட்டி, அண்ணைக்கு நம்மள மலைக்குக் கூட்டிட்டுப் போனாரே, அவரு உனக்க அப்பாதானே? அணைக்கரையில வச்சே அம்மைக்கு மனசிலாச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே மொகம்லா. பிள்ளைய வெக்கப்படுத்தப்பிடாது, ஒண்ணும் கேக்காதிங்கண்ணு எங்கள வெலக்கி வச்சிருந்தா.”

ஆக, யாரும் ஏமாறவில்லை. அத்தனை பேரும் தெரிந்தே என்னைச் சும்மா விட்டிருக்கிறார்கள். மகளின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று கடைசிவரை நம்பியிருந்தவர் அப்பா ஒருவர்தான்.

“அவரு இப்ப எப்பிடி இருக்காரு?” என்றாள் ஜாஸ்மின்.

“எங்கப்பா இறந்து நாலு வருசம் ஆச்சுட்டி” என்றேன். அந்த மனிதரை நான் அவளிடம் எங்கப்பா என்று சொன்னது அதுதான் முதல் தடவை.