ஏற்றச் சம்மதம், இறக்கச் சம்மதமில்லை

ஏலக்காய் மூட்டை பேசாது, பஞ்சுப் பொதி பேசாது. லாரியில் ஏறிய பிறகும் வாய் ஓயாத ஒரே சரக்கு வீட்டுச் சாமான்தான், ஏனென்றால் அதோடு வீட்டுக்காரரும் ஏறிவிடுகிறார்.

எழுபதுகளில் நான் தேனியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தேன். எங்கள் முதலாளிக்கு இரண்டே கட்டளைகள். சரக்கு நனையக் கூடாது. லாரி காலியாகத் திரும்பக் கூடாது. காலியாகத் திரும்பிவிட்டால் மறுநாள் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துத் திட்டுவார். வீடு மாற்றி நொந்தவர்களாக இருந்தால் கட்டாயம் என்மேல் இரக்கப்படுவீர்கள். நீங்கள் ஆயுளில் நாலைந்து வீடு மாறியிருப்பீர்கள். நான் மாதத்துக்கு இரண்டாவது மாற்றினேன், அதுவும் அடுத்தவர் வீட்டை. அத்தனையிலும் என்னை அதிகம் வியர்க்க வைத்தது, அனுமந்தன்பட்டியிலிருந்து ராமநாதபுரம் கடற்கரைக்குப் போன ஒரு குடித்தனம். அதை மட்டும் சொல்கிறேன்.

பாதிச் சம்மதம்

பெருமாள்சாமிக்கு வீடு அனுமந்தன்பட்டியில், கணக்கு வாத்தியார் வேலை உத்தமபாளையத்தில். அவருக்கு ஹெட்மாஸ்டராகப் பிரமோஷன் வந்தது. கூடவே கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊருக்கு மாற்றலும் வந்தது. ஆபீசுக்கு வந்தவர் லாரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் எதிரே உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீரை வாங்கிக் குடித்தார். பிறகுதான் விஷயம் வந்தது. அவர் மனைவி பேச்சியம்மாளுக்கு எங்கள் பக்கத்து முல்லையாற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் இறங்காது. கடற்கரைத் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்று யாரோ காதில் ஓதிவிட்டார்கள். அந்த அம்மாள் நிபந்தனை போட்டுவிட்டார். கூட வருவாராம். போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பாராம். பிடிக்காவிட்டால் அதே லாரியில் சாமானோடு திரும்பிவிடுவாராம். அதுவரை லாரி அங்கேயே நிற்க வேண்டும்.

"அக்கா திரும்பிட்டாகன்னா நீங்க என்ன சார் செய்வீங்க?" என்று கேட்டேன். "வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு நானும் ஏற வேண்டியதுதான். பிள்ளைக ரெண்டும் மதுரையில ஹாஸ்டல்ல கெடக்கு. அவளும் இல்லாம எனக்கு இருக்கத் தெரியாது தம்பி" என்றார். ஹெட்மாஸ்டர் நாற்காலிக்காக எத்தனையோ வருஷம் காத்திருந்த மனிதர், அதைச் சொல்லும்போது கண் கலங்கினார். எனக்கும் என்னவோ செய்தது. வழியில் ஒரு டம்ளர் உடைந்தால்கூட அந்த அம்மாளுக்குச் சாக்குக் கிடைத்துவிடும், கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நானே கூட வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். "அக்கா சாமான் கட்டச் சம்மதிச்சிட்டாகல்ல, அப்பவே பாதிக் கிணறு தாண்டியாச்சு சார்" என்று தைரியமும் சொன்னேன்.

அவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "ஏத்துறதுக்குத்தான் தம்பி சம்மதிச்சிருக்கா. எறக்குறதுக்கு இன்னும் சம்மதிக்கல."

எண் போட்ட சாமான்

கணக்கு வாத்தியார் அல்லவா, சாமானுக்கெல்லாம் எண் போட்டிருந்தார். உரல் ஒன்று, அம்மி இரண்டு, பரண் பெட்டி மூன்று என்று எண்பத்தெட்டு வரை. ஒவ்வொரு எண்ணையும் சீட்டில் எழுதி, சோற்றுப் பசை தடவி ஒட்டி, எந்த எண் எந்த அறைக்கு என்று ஒரு நோட்டிலும் எழுதி வைத்திருந்தார். சாமானை முதல் நாள் சாயங்காலமே வரிசையாக வாசலில் அடுக்கியாயிற்று. விடியற்காலையில் நானும் டிரைவர் ஒச்சப்பண்ணனும் லாரியோடு போய் இறங்கினால், வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்து வீட்டு வெள்ளாடு ஒன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து, உரலில் ஆரம்பித்து வரிசையாகச் சீட்டை நக்கித் தின்றுகொண்டே போயிருக்கிறது. நாங்கள் பார்த்தபோது அது துணி காயப்போடும் கொடிக்கம்பிச் சுருளருகே நின்று நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ஒச்சப்பண்ணன் ஆட்டையும் பார்த்தார், மிச்சமிருந்த சீட்டையும் குனிந்து பார்த்தார். "சார், வெரட்டாதீக. நாப்பத்தி ரெண்டு வரைக்கும் படிச்சிருச்சு, மிச்சத்தையும் முடிக்கட்டும்" என்றார்.

முதலில் ஏறியது

குடிபோகிற வீட்டுக்குள் உப்பும் மஞ்சளும் முதலில் போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பேச்சியம்மாள் அக்காவுக்கு அதில் கொஞ்சம் கூடுதல் பிடிவாதம். முதலில் உள்ளே போகிற பொருள், லாரியிலும் முதலில்தான் ஏற வேண்டும், அதுவும் நல்ல நேரத்தில் ஏற வேண்டும் என்றார். உப்புச்சாடியில் மஞ்சள்துணி கட்டி, தாமே கொண்டுவந்து, உப்பைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்று லாரிப் பலகைமேல் வைத்தார். லாரியில் முதலில் ஏறுவது டிரைவர் முதுகுக்குப் பின்னால், ஒரு மூலைக்குப் போய்விடும். அதன்மேல் உலகமே ஏறும். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வாத்தியார் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். வாயை மூடிக்கொண்டேன்.

உப்புச்சாடி மூலைக்குப் போனது. அதற்குக் காவலாக உரல், உரலுக்கு முன்னால் பீரோ, அப்புறம் கட்டில், நெல்குதிர், ஆட்டிடம் சீட்டைப் பறிகொடுத்ததும் கொடுக்காததுமாக மற்றச் சாமான்கள். ஒச்சப்பண்ணன் மட்டும் மனசு கேட்காமல், தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுக்கும்போது அக்காவிடம் சொல்லியேவிட்டார்: "மொத ஏறுனது கடைசியாத்தேன் எறங்கும் ஆத்தா. லாரிக்கு முன்வாசல் கெடையாது."

பால் கேன்

அந்தப் பேச்சு அக்கா மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. அவசரத்துக்கு வேண்டியதைக் கடைசியில் ஏற்ற வேண்டும் என்று புரிந்துகொண்டு, உள்ளே போய் ஒரு பால் கேனைத் தூக்கி வரச் சொன்னார். கேன் நிறைய முல்லையாற்றுத் தண்ணீர். கடற்கரைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும் வரைக்கும், அது ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்பும் வரைக்கும், குடிப்பதற்கு. அதைப் பின்கதவை ஒட்டி, கைக்கெட்டுகிற இடத்தில் வைத்தார். நாங்கள் நான்கு பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்து புறப்பட்டோம்.

ஆண்டிபட்டிக் கணவாய் இறங்கும்வரை அக்கா ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். மதுரை தாண்டி, மானாமதுரை தாண்டி, உச்சி வெயில் கொளுத்தும்போது ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. சுற்றிலும் கருவேலங்காடு, ஒரு டீக்கடை. நாங்கள் மூவரும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் வண்டி உறுமிக்கொண்டு தயாராக நிற்கிறது. ஒச்சப்பண்ணன் முகம் கழுவி, தலை சீவி, மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார். முன் கண்ணாடிகூடப் பளபளவென்று இருந்தது. எனக்குச் சந்தேகம் தட்டிப் பின்னால் ஓடிப் பார்த்தேன். பால் கேன் காலி. கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தது, ஒச்சப்பண்ணன் கைக்கு எட்டிவிட்டது.

"அக்கா தண்ணியவா ஊத்துனீங்க?" என்று நான் கத்தியதில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "அட, நம்ம ஊருத் தண்ணியா! அதேன் ஊத்தின ஒடனே வண்டி குளுந்து போச்சு" என்றார் ஒச்சப்பண்ணன், வண்டியைப் பெருமையாகத் தட்டிக்கொடுத்து. வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஏறி உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"இருக்கட்டும்ணே. திரும்பி வாரதுக்கு வண்டிக்கும் தெம்பு வேணும்ல."

மேற்கு எது?

ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்துக்கு மேல். மணல், பனை, தூரத்தில் வெள்ளை வெளேரென்று உப்பளம், அதற்கப்பால் கடல். வீடு நல்ல வீடுதான், ஓடு போட்டது. பள்ளிக்கூடத்துப் பியூன் சாவியோடு நின்றிருந்தார். அக்கா இறங்கி, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் சூரியனைப் பார்த்துத் திசை சொல்ல மாட்டார்கள். இந்த மலைப்பக்கம், அந்த மலைப்பக்கம் என்றுதான் சொல்லிப் பழக்கம். மலை இல்லாத இடத்தில் நிற்பது அவருக்குத் துணியில்லாமல் நிற்பதுபோல இருந்திருக்க வேண்டும். "மேக்க எது? இங்கன மலையையே காணோமே" என்றார், கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

பியூன் பாவம், புது ஹெட்மாஸ்டர் வீட்டம்மா கேட்கிறாரே என்று கைகட்டிப் பணிவாகப் பதில் சொன்னார்: "மலை இங்கிட்டெல்லாம் வர்றதில்லைங்களே."

விளக்கு வைக்கிற நேரம்

உப்புச்சாடி வராமல் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று அக்கா நின்றுவிட்டார். விளக்கு வைப்பதற்குள் உள்ளே போயாக வேண்டும். ஒச்சப்பண்ணனும் நானும் பியூனும், ஹெட்மாஸ்டர் என்கிற கெத்தை மறந்து வேட்டியை மடித்துக்கட்டிய வாத்தியாரும், லாரியை மணலில் கொட்டாத குறையாக இறக்கினோம். கட்டில் தெருவில், குதிர் தெருவில், அக்கா மாவாட்ட உட்காரும் மனைப்பலகை தெருவில். ஊரே கூடிவிட்டது. பீரோ பாதி வழியில் சிக்கிக்கொண்டது. அதற்கும் பின்னால் உரல், அதற்கும் பின்னால் சாடி. சூரியன் பனைமரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. "இதுவே சகுனம்" என்று அக்கா சொல்லிவிடுவாரோ என்று நான் அவர் வாயைப் பார்க்கவே பயந்தேன்.

அப்போது பக்கத்து வீட்டுப் பெண், பியூனுடைய மனைவி சிகப்பி, என்ன தேடுகிறோம் என்று கேட்டாள். உப்பு என்றார் வாத்தியார் மூச்சு வாங்க. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்குள் ஓடி, ஒரு ஓலைப்பெட்டி நிறைய, கல் கல்லாக உப்பைக் கொண்டுவந்து அக்கா காலடியில் வைத்தாள். அக்கா திடுக்கிட்டுப் போனார். எங்கள் பக்கம் விளக்கு வைக்கிற நேரத்தில் யாரும் உப்புத் தர மாட்டார்கள். கேட்கவும் மாட்டார்கள். தந்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாள். "இந்நேரத்துல உப்ப அள்ளிக் குடுக்குறியே, ஒன் வீடு என்னத்துக்கு ஆகும்?" என்று நிஜமான பதற்றத்தோடு கேட்டார்.

"உப்பும் குடுக்கக் கூடாதுன்னா இந்த ஊர்ல நாங்க வேற என்னத்தத் தாயி குடுக்கிறது?" என்றாள் சிகப்பி.

அக்கா குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, வலது காலை வைத்து உள்ளே போனார். பீரோவைப் பிடித்தபடியே நாங்கள் நால்வரும் மூச்சு விட்டோம். எங்கள் சாடி வெளியே வந்தபோது அதற்கு வேலையில்லாமல் போயிருந்தது.

ஊற்று

உப்பு விவகாரம் முடிந்தது, தண்ணீர் விவகாரம் பாக்கி இருந்தது. மறுநாள் விடிந்ததும் சிகப்பி குடமும் கொட்டாங்கச்சியும் எடுத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா கேட்டதன்பேரில், காலிப் பால் கேனை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கடலை நோக்கியே நடந்தார்கள். கடல் பக்கம் போய்க் குடிதண்ணீரா என்று எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில், மணலில் ஒரு பள்ளம். சிகப்பி அதில் இறங்கி இரண்டு கை மணலை விலக்கினாள். அடியில் மெதுவாகத் தண்ணீர் கசிந்து தேங்கியது. கலங்கல் தெளியும்வரை பொறுத்து, கொட்டாங்கச்சியால் மொண்டு நீட்டினாள்.

உண்மையைச் சொல்கிறேன். அக்கா திரும்பினால் லாரி நிறையச் சாமான் திரும்பும், முதலாளி சந்தோஷப்படுவார். திரும்பாவிட்டால் காலி லாரிதான். அந்த ஊரில் ஏற்றக் கிடைப்பது உப்பும் கருவாடும், ஏலக்காய் ஏற்றும் லாரியில் முதலாளி அவற்றைச் சேர்க்க மாட்டார். இருந்தும் நான் அந்தக் கொட்டாங்கச்சியைப் பார்த்துக்கொண்டு, தித்திக்க வேண்டுமே, தித்திக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு நின்றேன். அக்கா ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு கொட்டாங்கச்சி வாங்கி முழுதும் குடித்தார். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, தாமே மொண்டு மொண்டு பால் கேனை நிரப்பினார். ஒரு மணி நேரம் ஆனது.

வீட்டு வாசலில் வாத்தியார் சட்டைகூடப் போடாமல் லாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அவரைத் தாண்டிப் போய், கேனை ஒச்சப்பண்ணன் காலடியில் வைக்கச் சொன்னார்.

"ஊத்திக்கங்கண்ணே. எனக்கு ஒத்துக்கிருச்சு, ஒங்க வண்டிக்கும் ஒத்துக்கும்."

வாத்தியார் சட்டென்று திரும்பி, சுவரைப் பார்த்து மூக்கைச் சிந்தினார். காலி லாரிக்காக ஆயுள் முழுக்கத் திட்டு வாங்கிய நான், லாரி காலியாகத் திரும்புகிறதே என்ற சந்தோஷத்தில் வழியெல்லாம் கோயில் கோயிலாகக் கும்பிட்டுக்கொண்டு வந்தது அந்த ஒரு தடவைதான்.